ஒயின் சாலையின் பிறப்புச் சான்றிதழ்

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி, ஃபால்ஸ் என்றொரு பகுதி இருக்கிறது. ஆங்கிலத்தில் பலாட்டினேட் என்பார்கள். மேற்கே காடடர்ந்த மலை, கிழக்கே ரைன் ஆற்றுச் சமவெளி, இரண்டுக்கும் நடுவே பட்டையாக நீளும் திராட்சைத் தோட்டங்கள். அந்தப் பட்டையின் ஊடாகத் தெற்கு வடக்காக சுமார் 85 கிலோமீட்டருக்கு ஒரு சாலை போகிறது. பெயர் 'டாய்ச்ச வைன்ஷ்ட்ராஸ'. ஜெர்மன் ஒயின் சாலை என்று பொருள். எல்லை ஊரான ஷ்வைகனில் தொடங்கி போக்கன்ஹைமில் முடிகிறது. திராட்சைக் குலை போட்ட மஞ்சள் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனால் போதும், வழி தவறாது.

வாடகைக் காரில் இரண்டு நாட்கள் இந்தச் சாலையில் சுற்றினேன். நிற்காமல் ஓட்டினால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் பழைய நிரல் ஒன்று கைக்கு வந்தால், இதை யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று முதலில் பார்ப்பது என் தொழில் பழக்கம். சாலையைப் பார்த்தபோதும் அதே கேள்விதான் வந்தது. தோட்டங்கள் ரோமானியர் காலத்தவை. ஊர்கள் இடைக்காலத்தவை. இவற்றையெல்லாம் ஒரே நூலில் கோத்து 'ஒயின் சாலை' என்று பெயர் வைத்தது யார்?

விடையின் முதல் துப்பு தொடக்கத்திலேயே நிற்கிறது. ஷ்வைகனில் சாலைக்குக் குறுக்கே 'ஒயின் வாசல்' என்ற பெரிய கல் வளைவு இருக்கிறது. உயரம் சுமார் 18 மீட்டர். கோட்டை வாசல் மாதிரி இருப்பதால் பல நூற்றாண்டு பழையது என்று தோன்றும். கட்டியது 1936இல். முகப்பில் ஒரு கல் கழுகு. அதன் காலடியில் இருந்த ஸ்வஸ்திகா சின்னம் போருக்குப் பிறகு அகற்றப்பட்டது. கழுகு மட்டும் மிச்சம்.

1936இல், பிரான்ஸைப் பார்த்தபடி, இவ்வளவு பெரிய வாசல் எதற்கு? இதற்குப் பதில் சொல்ல நூறு வருடம் பின்னால் போக வேண்டும். காரில் போவதென்றால் நாய்ஷ்டாட் பக்கத்தில் உள்ள ஹாம்பாஹ் கோட்டைக்கு.

1832 மே 27 அன்று இந்தக் கோட்டைக்கு இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் பேர் வரை ஊர்வலமாக ஏறிப் போனார்கள். ஒன்றுபட்ட ஜெர்மனி வேண்டும், பத்திரிகைச் சுதந்திரம் வேண்டும் என்பது கோரிக்கை. இன்றைய ஜெர்மன் கொடியின் கறுப்பு, சிவப்பு, பொன் நிறங்கள் அங்கே பறந்தன. ஜெர்மன் ஜனநாயகத்தின் தொட்டில் என்று பாடப் புத்தகங்களில் வரும் இடம் இதுதான். அதே ஊர்வலத்தில் திராட்சை விவசாயிகள் ஒரு கறுப்புக் கொடியும் பிடித்து வந்தார்கள். நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம் என்பது அதன் செய்தி. ஃபால்ஸ் அப்போது பவேரிய அரசின் கீழ் இருந்தது. பக்கத்து அரசுகள் சுங்கச் சுவர் எழுப்பிவிட்டதால் ஒயினை வெளியே விற்க முடியவில்லை. வரிச் சுமை வேறு. ஆக இந்த மண்ணின் பழைய நோய் விளைச்சல் இல்லை, விற்பனை. நெல்லோ தக்காளியோ விளைவித்து விலை கிடைக்காமல் தவிக்கும் நம்மூர் விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது 1934, 35க்கு வருவோம். அந்த இரண்டு ஆண்டுகளும் விளைச்சல் அமோகம். ஒயின் தேங்கியது, விலை சரிந்தது. இது ஒரு பாதிக் கதைதான். ஃபால்ஸ் ஒயின் வியாபாரத்தில் பெரும் பங்கு யூத வணிகர்களின் கையில் இருந்தது. சின்ன விவசாயியிடம் மொத்தமாக வாங்குவது, வெளியூர் வாடிக்கையாளரைப் பிடித்து வைத்திருப்பது என்று தோட்டத்துக்கும் சந்தைக்கும் நடுவே இருந்த கண்ணி அவர்கள். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அந்தக் கண்ணியை வெட்டத் தொடங்கினார்கள். புறக்கணிப்பு, மிரட்டல், தொழில் செய்யத் தடை. வாங்கி விற்கும் ஆளைத் துரத்திவிட்டால் சரக்கு தேங்காமல் என்ன செய்யும்?

அந்தப் பகுதியின் நாஜிக் கட்சித் தலைவர் பெயர் யோசஃப் ப்யூர்கல். தன் கட்சியும் சேர்ந்து உண்டாக்கிய நெருக்கடிக்கு அவர் கண்ட தீர்வுகளில் ஒன்றுதான் இந்தச் சாலை. வணிகர் வழியாக ஒயின் ஊருக்குப் போக வேண்டாம், ஊரே காரிலும் பஸ்ஸிலும் ஒயினைத் தேடி வரட்டும் என்பது யோசனை. ஜெர்மன் நகரங்கள் ஒவ்வொன்றும் ஒரு ஒயின் கிராமத்தைத் தத்தெடுத்து அதன் சரக்கை வாங்க வேண்டும் என்ற திட்டமும் அந்தக் காலத்தில் வந்தது. 1935 அக்டோபர் 19 அன்று பாட் டூர்க்ஹைமில் ப்யூர்கல் ஒயின் சாலையைத் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு கல் வாசல் எழுந்தது. அதே 1936இல் நாய்ஷ்டாட் ஊர்ப் பெயரோடு 'ஒயின் சாலையில் உள்ள' என்ற ஒட்டும் சேர்ந்தது. இன்றும் அதுதான் அதிகாரப்பூர்வப் பெயர்.

சாலையின் பிறப்புச் சான்றிதழ் இதுதான். அதே கையெழுத்தோடு இன்னொரு ஆவணமும் உண்டு.

1940 அக்டோபர் 22. சாலை திறந்து ஐந்து ஆண்டு, மூன்று நாள். ப்யூர்கலும், பக்கத்துப் பாடன் பகுதியின் தலைவர் ராபர்ட் வாக்னரும் சேர்ந்து, தங்கள் பகுதிகளில் மிச்சமிருந்த யூதர்களை ஒரே நடவடிக்கையில் ரயில்களில் ஏற்றினார்கள். மொத்தம் 6,500 பேருக்கு மேல். முதியோர் இல்லங்களில் இருந்தவர்களையும் விடவில்லை. பிரான்ஸின் தெற்கே பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள கூர்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். பசியிலும் நோயிலும் பலர் அங்கேயே இறந்தார்கள். 1942 முதல் பலர் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இந்த மக்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. சாலையிலிருந்து கிழக்கே அரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக ஓட்டினால் ஷ்பையர் நகரம். 1084இல் அந்த ஊர் ஆயரே யூதர்களைக் குடியேற அழைத்து உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவர்களின் 12ஆம் நூற்றாண்டுச் சடங்குக் குளம், படிகளோடு இன்றும் நிலத்தடியில் இருக்கிறது. இறங்கிப் பார்க்கலாம். 2021இல் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதச் சின்னங்களோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எட்டரை நூற்றாண்டு உறவு ஏழே வருடத்தில், 1933க்கும் 1940க்கும் நடுவில், துடைக்கப்பட்டது.

அப்படியானால் இந்தச் சாலையில் போகக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இன்று இதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ப்யூர்கலின் தயவில் வாழவில்லை, தங்கள் உழைப்பில் வாழ்கிறார்கள். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து போவது நல்லது. என் பட்டியலைச் சொல்கிறேன்.

ஷ்வைகன் வாசலில் கழுகை நிமிர்ந்து பாருங்கள். நாய்ஷ்டாட்டில் ஹாம்பாஹ் கோட்டைக்குப் போன கையோடு, 1933இலேயே அரசியல் கைதிகளை அடைத்துவைத்த பழைய ராணுவக் குடியிருப்பில் உள்ள நினைவிடத்துக்கும் போங்கள். டைடஸ்ஹைமில் 1854இல் கட்டிய யூதத் தொழுகைக் கூடம் தப்பிப் பிழைத்து, இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடமாக இருக்கிறது. பாட் டூர்க்ஹைமில் 17 லட்சம் லிட்டர் கொள்ளளவு கொண்ட மாபெரும் மரப் பீப்பாய் நிற்கும். 1934இல் செய்தது. உள்ளே இருப்பது உணவகம், ஒயின் ஊற்றியதே இல்லை. பக்கத்தில் ஊங்ஷ்டைன் சரிவில், 1980களின் தொடக்கத்தில் வெளிப்பட்ட ரோமானியப் பண்ணை வீடும் திராட்சை மிதிக்கும் தொட்டிகளும். சுற்றிலும் இன்றைய தோட்டங்கள்.

கடைசியாக நடைமுறை யோசனை ஒன்று. ஃபால்ஸில் ஒரு கிளாஸ் ஒயின் என்றால் அரை லிட்டர் டம்ளர். ஓட்டுபவர் திராட்சைச் சாறோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று போனால் அந்தக் கவலையும் இல்லை. அன்று சாலை கார்களுக்கு மூடப்பட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விடப்படுகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்ஸின் அல்சாஸிலும் ஓர் ஒயின் சாலை இருக்கிறது. அது 1953இல் பிறந்தது. அதன் கதை வேறு மாதிரி. அடுத்த பதிவில் எழுதுகிறேன்.