சேது எஃப்சி

மதுரையைத் தளமாகக் கொண்ட மகளிர் கால்பந்துக் கழகம். 2016இல் தொடங்கப்பட்டது, நிறுவனர் சீனி மொகைதீன். 2018-19 பருவத்தில் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. ஆண்கள் அணியின் வாலில் கட்டிய பெண்கள் பிரிவாக இல்லாமல், பெண்கள் ஆட்டத்தால் மட்டுமே பெயர் வாங்கிய கழகம் இது. நம் நாட்டில் இப்படிப்பட்டவை குறைவு.

முன்கதை

பெண்கள் கால்பந்து ஆலை வாசலில் வளர்ந்த ஆட்டம். இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில், முதல் உலகப்போரின்போது வெடிமருந்து தயாரித்த தொழிலாளிப் பெண்கள் ‘டிக், கெர் லேடீஸ்’ என்ற அணியைக் கட்டினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். மறு ஆண்டே, பெண்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்று சொல்லி, தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடியது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம். கூட்டம் கூடியதுதான் உண்மையான குற்றம் என்று நினைக்கத் தோன்றுகிறது. அந்தத் தடை விலக ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.

வடசென்னையிலும் கால்பந்துக்கு ஆலையோடும் வேலையோடும் உறவு உண்டு. மாதவரத்திலிருந்து மூலக்கடை தாண்டினால் வியாசர்பாடி. ‘மினி பிரேசில்’ என்று பெயர் வாங்கிய பகுதி. பக்கத்தில் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை. நன்றாகப் பந்து உதைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஐசிஎஃபிலோ ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை என்பது இங்குள்ள பையன்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட கனவு. வியாசர்பாடியில் இன்று சிறுமிகளும் பயிற்சிக்கு வருகிறார்கள். ஆனால் தம்பிக்குத் திறந்த கதவுகள் எல்லாம் அக்காவுக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டு வீராங்கனைகளுக்கு அமைந்த பெரிய ஆதரவு காவல்துறை வேலை. நடுக்கள ஆட்டக்காரர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிக்கொண்டே உதவி ஆய்வாளராகப் பணிபுரிந்தவர்.

இந்துமதியின் ஊர் கடலூர். தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்தின் தலைநகரம் எது என்று கேட்டால் சென்னையைவிடக் கடலூருக்கே உரிமை அதிகம். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கு பயிற்சியாளர் மாரியப்பன், காப்பகத்திலும் அரசு விடுதியிலும் இருந்த சிறுமிகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தார். இந்திய அணியின் முன்கள வீராங்கனை சந்தியா ரங்கநாதன் அந்த மாவட்டத்து அரசு விடுதியில் வளர்ந்தவர். விடுதியில் மூன்று வேளை சோறும், காலையும் மாலையும் மைதானமும் உறுதி. வீட்டில் இருந்திருந்தால் பூப்பெய்திய மறுநாளே பந்தைப் பறித்திருப்பார்கள். இந்த ஆட்டக்காரர்களில் பலர் ஏன் விடுதிகளிலிருந்து வந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை.

லீக்கில்

இந்திய மகளிர் லீக்கின் முதல் பருவம் 2016-17இல் நடந்தது. டெல்லியில் நடந்த இறுதிச் சுற்றில் ஆறே அணிகள். ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் வென்றது. 2017-18 பருவம் ஷில்லாங்கில். சேதுவும் கடலூரின் இந்திரா காந்தி அகாடமியும் அதில் ஆடின. அந்தப் பருவம் நடப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, பிப்ரவரி 2018இல், கட்டாக்கில் தமிழ்நாட்டு அணி மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தேசிய சீனியர் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியிருந்தது. மணிப்பூர் தன் வீட்டுச் சொத்தாகவே வைத்திருந்த கோப்பை அது. இடையில் எப்போதாவதுதான் வேறு கைக்குப் போனது.

2018-19 பருவம், 2019 மே மாதம் லூதியானாவில். பஞ்சாபின் கோடை வெயிலில், ஒரே ஊரில், சில வாரங்களுக்குள் பன்னிரண்டு அணிகளின் மொத்த லீக்கும் முடிந்தது. சேதுவின் பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி கோல் மழை பொழிந்தார், நடுக்களத்தில் இந்துமதி. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது சேது. ஆசிய அளவில் பெண்கள் கழகப் போட்டி அதே 2019இல்தான் சோதனையாகத் தொடங்கியது. ஆனால் ஜப்பான், தென்கொரியா, சீனா, ஆஸ்திரேலியா அணிகளுக்கு மட்டுமே அழைப்பு. இந்தியச் சாம்பியனான சேதுவுக்கு வெளிநாட்டு வாய்ப்பு வாய்க்கவில்லை.

அதே ஆண்டு தீபாவளிக்கு ‘பிகில்’ படம் வெளிவந்தது. வடசென்னைக்காரர் ஒருவர் தமிழ்நாட்டுப் பெண்கள் அணிக்குக் கோச் ஆகும் கதை. ராயபுரத்திலும் மாதவரத்திலும் திரையரங்குக்குப் போனவர்களில் எத்தனை பேருக்கு, நிஜத்திலேயே ஒரு தமிழ்நாட்டுக் கழகம் ஐந்து மாதம் முன்பு இந்தியச் சாம்பியன் ஆனது தெரிந்திருக்கும்?

அடுத்த பருவத்தில் சபித்ரா கோகுலம் கேரளாவுக்குப் போனார். கோப்பையும் கோகுலத்துக்குப் போனது. சில வாரங்களே நடக்கும் லீக்கில் ஒப்பந்தமும் அந்த அளவுக்குத்தான். கோப்பை வென்ற அணியையே மறு ஆண்டு முதலிலிருந்து கட்டவேண்டிய நிலை. கழகத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஆட்டத்தைவிட இதுவே பெரிய காரணம்.

கொரோனாவால் ஒரு பருவம் ரத்தானபின், 2021-22இல் புவனேஸ்வரத்தில் சேது மீண்டும் எழுந்தது. கிரிஸ்பின் செத்ரி பயிற்சியில் முதல் பத்து ஆட்டங்களையும் வென்றது. எதிரில் கோகுலமும் அப்படியே. கடைசி நாளில் இரண்டும் மோதின. கோகுலத்துக்கு டிரா போதும், சேதுவுக்கு வெற்றி வேண்டும். சேது முதலில் கோல் போட்டு முன்னிலை பெற்றது. பிறகு 1-3 என்று தோற்றது. செத்ரி பின்னாளில் ஒடிசா எஃப்சிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்து, இந்திய மகளிர் அணியின் பயிற்சியாளரும் ஆனார்.

பிற்காலம்

2023-24 முதல் லீக், சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் ஆடும் முறைக்கு மாறியது. கீழே இரண்டாம் பிரிவும் அதே பருவத்தில் பிறந்தது. கடைசியில் வருபவர்கள் இறங்குவதற்கும் கீழிருப்பவர்கள் ஏறுவதற்கும் வழி உண்டானது. கழகங்கள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது தரும் ஒப்பந்தம் போடவேண்டும் என்று இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023 மார்ச்சில் முடிவெடுத்தது. மாதக் கணக்கில் 27,000 ரூபாய்கூட வராது. இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு இது தேவலை.

ஜூன் 2023இல் அமிர்தசரஸில் ஹரியாணாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு இரண்டாம் முறை தேசியக் கோப்பையைத் தூக்கியது. கழக அளவில், இந்திய மகளிர் லீக்கை வென்ற தமிழ்நாட்டு அணி சேது எஃப்சி ஒன்றுதான்.