பாண்டி நாட்டில் எல்லையும் உரிமையும்

ஒருவர் வீடெடுக்குங்கால் அவர்தம் கடைக்கால் அடுத்தவர் மனைக்குள் ஒரு சாண் புகுதல் எவ்வூரிலும் நிகழக்கூடியதே. நிலம் இழந்தார் வாளாவிருப்பின் அவ்வுரிமை எத்துணைக் காலம் நிலைக்கும் என்பது ஈண்டு ஆராயத்தக்கது. தென்காசியை உள்ளிட்ட பாண்டி நாட்டு வரலாறு இதற்கு விடை கூறுகின்றது.

பண்டை நாளில் எல்லை வகுத்தல் பலரறி நிகழ்ச்சியாக இருந்தது. கொடை நிலத்தைச் சுற்றிப் பிடியை நடத்தினர். கல்லும் கள்ளியும் நட்டனர். சிவன் கோயில் நிலத்துக்குச் சூலக்கல்லும் திருமால் கோயில் நிலத்துக்கு ஆழிக்கல்லும் அடையாளமாயின. நாட்டார் உடனிருந்தனர். ஆகவே, எல்லைக்குக் கல் மட்டுமன்றி அயலாரின் அறிவும் சான்றாயிற்று.

இச்சான்றின் வலிமையை 8ஆம் நூற்றாண்டின் வேள்விக்குடிச் செப்பேடு காட்டுகின்றது. முன்னோர் பெற்ற நிலம் களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று என நற்சிங்கன் என்பான் பாண்டியன் நெடுஞ்சடையனிடம் முறையிட்டான். உரிமையின் பழமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பிக்குமாறு மன்னன் பணித்தான். அவனும் அவ்வாறே மெய்ப்பித்து நிலத்தை மீளப்பெற்றான். இடையே கழிந்த நெடுங்காலம் அங்குத் தடையாகவில்லை.

தன் நிலத்தைப் பிறர் கவரினும் இறைவன் முறையிடான். தென்காசியில் 1446இல் காசி விசுவநாதர் கோயிலை எடுக்கத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், அக்கோயிலுக்கு வரும் குற்றத்தை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை வணங்குவதாகக் கல்லில் பொறித்தான். இக்காலச் சட்டமும் அந்நெறிப்பட்டதே. 1959ஆம் ஆண்டின் இந்து அறநிலையச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, 2003இல் திருத்தப்பெற்றவாறு, கோயில் நிலத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறை இல்லை என்கின்றது.

தனியார்க்கோ அச்சலுகை இல்லை. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, பிறர் வெளிப்படையாகவும் இடையறாதும் எதிரிடையாகவும் 12 ஆண்டு அனுபவித்த நிலத்தில் உடையவனது உரிமை அழிந்துபடும். அறிவிப்பு மடல் விடுத்தல் மட்டும் அக்காலக் கணக்கை நிறுத்தாது. வழக்குத் தொடுத்தலே நிறுத்தும். 1923ஆம் ஆண்டின் நில அளவை எல்லைச் சட்டப்படி வரையறுத்த எல்லையை மறுப்போர், அறிவிக்கை வெளிவந்த 3 ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றம் சேரல் வேண்டும். சுவர் எழும்பும்போதே தடையாணை வேண்டுவார் நிலை வலியது. கூரை வேயும்வரை பார்த்திருந்து பின் இடிக்கக் கோருவார்க்கு, அவர்தம் வாளாமையே எதிர்வாதமாகும்.

முற்காலத்தில் நாட்டார் நினைவு வகித்த இடத்தை இன்று நில அளவைப் புலப்படம் வகிக்கின்றது. நினைவு தலைமுறைகளைக் கடந்தும் காத்திருந்தது. படமோ உரியவன் காலத்தே எடுத்துக் காட்டினாலன்றிப் பேசாது. கடைக்கால் பறிக்கும் நாளிலேயே அளந்து, இருவரும் ஒப்பிக் கல் நடுதல், அயலாரை முன்னிறுத்திய பண்டை மரபின் எச்சமாகும். அயன்மை கெடாமல் உரிமை காக்கும் வழியும் அதுவே என்பது இவ்வாய்வின் முடிபு.