நினைவக அட்டை

நினைவு + அகம் = நினைவகம். 'நினை' என்னும் வினையடியில் பிறந்தது நினைவு. அகம், 'நூலகம்' என்பதில் போல, இடத்தைக் குறிக்கும். சான்றோர் நினைவாக எழுப்பும் இல்லத்துக்கும் வழங்கும் இச்சொல், கணினித் துறையில் தரவு தங்கும் இடத்தைச் சுட்டுகிறது. நினைவக அட்டை பேச்சு வழக்கில் மெமரி கார்டு. இன்று பரவலாக உள்ள எஸ்டி அட்டை 1999இல் அறிவிக்கப்பட்டது.

அட்டையின் மேலுள்ள குறிகளுக்கும் பொருளுண்டு. எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை கொள்ளும்; எஸ்டிஎக்ஸ்சி 2 டிபி வரை. வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி இடைவிடாமல் பதியும். எடுத்துக்காட்டாக, கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையையும் அதன் கல்லறைச் செதுக்கல்களையும் புகைப்படம் எடுக்க 10ஆம் வேக வகுப்பு அட்டை போதும். 4கே காணொளிக்கு வி30 வேண்டும். உங்கள் கேமரா ஏற்கும் வகையைப் பார்த்து வாங்குங்கள்; எடுத்த படங்களை அன்றே வேறோரிடத்திலும் படியெடுத்து வையுங்கள்.