தோடியும் ராக்கும்

2007 மார்ச் 17. பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கச்சேரி. அதைக் கேட்க என் மகனும் மூன்று நண்பர்களும் அடையாறிலிருந்து முதல்நாள் ராத்திரியே ரயிலேறக் கிளம்பினார்கள். பரீட்சை நேரம். சத்தம் போட்டேன்.

"உங்கப்பா மட்டும் யோக்கியமா?" என்றாள் அம்மா.

நாங்கள் காரைக்கால்காரர்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை எந்தக் கோயிலில் நாகஸ்வரம் வாசித்தாலும் அப்பாவும் சிநேகிதர்களும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். அவருடைய தோடி அப்படி. நான் பிறந்த ராத்திரியும் அப்பா வீட்டில் இல்லையாம்! பிள்ளை 1956-இல் காலமான பிறகுதான் வண்டி கொட்டகையில் நின்றதாம்.

இப்படி ஊர் ஊராகப் போய் வாசிப்பதை பிரெஞ்சில் 'தூர்னே' என்பார்கள். பள்ளியில் படித்தபோது அது சர்க்கஸ்காரர்கள் சமாசாரம் என்று நினைத்திருந்தேன்.

2008 பிப்ரவரியில் அதே குழு மும்பைக்கு வந்தது. பையன்கள் அங்கேயும் போனார்கள். அந்தப் பயணத்தில் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சனே போயிங் 757 விமானத்தை ஓட்டினார். "பாடுறவனே வண்டியும் ஓட்டுறானா?" என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

2009 பிப்ரவரி 15, மறுபடியும் பெங்களூர். டிக்கெட்டுக்கு நானே பணம் கொடுத்தேன்.

"போகட்டும்," என்றாள் அம்மா. "கல்யாணத்துக்கு முன்னாடியே போய்ட்டு வந்துடட்டும்."