ஒரு கண்ணுக்கு ஊசி, இன்னொரு கண்ணுக்கு ஏன் இல்லை?

இந்த எபிசோட் எங்க அப்பா ஒரு டாக்டரிடம் கேட்ட கேள்வியில இருந்து ஆரம்பிக்குது.

அப்பாவுக்கு சுகர் வந்து 14 வருஷம் ஆச்சு. போன வருஷம் ஒரு நாள், "பேப்பர்ல வரியெல்லாம் நெளியுதுடா"ன்னு சொன்னார். கண்ணாடி பவர் மாறியிருக்கும்னு நானே முடிவு பண்ணி, ரிலீஸ் முடியட்டும்னு ரெண்டு மாசம் தள்ளிப் போட்டேன். அந்த ரெண்டு மாசத்தை இப்பவும் நினைச்சா சங்கடமா இருக்கு. கடைசியில போனோம். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாங்க, சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வெச்சாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. டாக்டர் சொன்னாங்க: "ரெண்டு கண்ணுலயும் நரம்புல நீர் கோத்திருக்கு. வலது கண்ணுக்கு ஊசி போட்டுடலாம். இடது கண்ணை நாலு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

கண்ணுக்குள்ள ஊசின்னு கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அப்பா அசரலை. "ரெண்டுலயும் நீர் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க டாக்டர். அப்புறம் ஒண்ணுக்கு மட்டும் ஊசின்னா, எதை வெச்சு முடிவு பண்றீங்க?"

டாக்டர் சிரிச்சுட்டு ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினாங்க. ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிட்டாங்க. அந்த ரெண்டு நிமிஷப் பதிலுக்குப் பின்னாடி 170 வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கு. அதைத்தான் இன்னிக்குப் பேசப்போறோம்.

கறுப்பா தெரியற ஓட்டை

உங்க பக்கத்துல இருக்கிறவங்க கண்ணைப் பாருங்க. நடுவுல இருக்கிற பாப்பா ஏன் கறுப்பா இருக்கு? உள்ளே இருக்கிற விழித்திரை, அதாவது ரெட்டினா, கறுப்பு நிறம் இல்லை. ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம். ஆனா உள்ளே போன வெளிச்சம், வந்த வழியிலேயேதான் திரும்பி வரும். அதைப் பார்க்கணும்னா விளக்கு இருக்கிற இடத்துல உங்க கண் இருக்கணும். அங்கே தலையைக் கொண்டு போனா விளக்கையே மறைச்சிடுவீங்க. அதனால பல நூற்றாண்டுகளா உயிருள்ள மனுஷனோட விழித்திரையை மருத்துவர்கள் பார்க்கவே முடியலை. வெளியே கண் தெளிவா இருக்கும், ஆனா பார்வை போயிருக்கும். காரணம் தெரியாம, அப்படிப்பட்ட எல்லா நோயையும் ஒரே பெயர்ல அடைச்சு வெச்சிருந்தாங்க.

இந்த முடிச்சை அவிழ்க்கக் கிட்ட வந்த முதல் ஆள்களில் ஒருத்தர் நம்ம துறைக்காரர். சார்லஸ் பேபேஜ். ஆமா, கம்ப்யூட்டரோட முன்னோடின்னு நாம படிச்ச அதே பேபேஜ்தான். 1847-ல், நடுவுல வெள்ளிப்பூச்சு சுரண்டின சின்னக் கண்ணாடி ஒண்ணைச் செஞ்சு, லண்டனில் வார்ட்டன் ஜோன்ஸ் என்ற கண் மருத்துவரிடம் காட்டினார். கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே அனுப்பும், சுரண்டின இடம் வழியா டாக்டர் பார்க்கலாம். யோசனை சரிதான். ஆனா பிம்பத்தைத் தெளிவாக்க ஒரு லென்ஸ் தேவை, அது அதில் இல்லை. ஜோன்ஸ் அதைப் பெரிசா எடுத்துக்கலை. 1854-ல்தான் அதைப் பற்றி எழுதினார். அதுக்குள்ள காலம் கடந்து போயிருந்தது.

ஏன்னா, அப்போ பிரஷ்யாவில் இருந்த கோனிக்ஸ்பெர்க் நகரத்தில், ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பேராசிரியர் வகுப்பில் மாணவர்களுக்கு விளக்குவதற்காக இதே விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தார். சாய்வாக வைத்த சில கண்ணாடித் தகடுகள், கூடவே ஒரு குழிலென்ஸ். தகட்டில் பட்டு விளக்கு வெளிச்சம் நோயாளியின் கண்ணுக்குள் போகும். திரும்பி வரும் வெளிச்சத்தில் ஒரு பகுதி தகட்டை ஊடுருவி டாக்டர் கண்ணுக்கு வரும். 1850 கடைசியில் அறிவித்தார், 1851-ல் சிறு நூலாக வெளியிட்டார். அதுதான் ஆஃப்தல்மோஸ்கோப். அப்பாவோட கண்ணுக்குள்ள டாக்டர் லைட் அடிச்சுப் பார்த்தது இந்தக் கருவியோட பேரப்பிள்ளையை வெச்சுத்தான்.

சில வருஷத்துலயே, 1850-களின் நடுவில், வியன்னாவின் எடுவர்ட் ஃபான் யேகர் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளியின் விழித்திரையில் வரும் மாற்றங்களை விவரித்தார். கேமரா வெச்சுப் படம் எடுக்க முடியாத காலம் அது. மணிக்கணக்கா உட்கார்ந்து, பார்த்ததை அவர் கையாலேயே வரைந்தார்.

முதல் கேள்விக்கு பதில் கிடைச்சாச்சு: உள்ளே ஏதாவது இருக்கா? ஆனா ஊசி போடறதுக்கு இது போதாது. ரத்தக்குழாயில ஒரு புள்ளி தெரியுது, சரி. அது பழைய தழும்பா, இல்லை இப்பவும் ஒழுகிட்டு இருக்கா?

டாஸில் தோத்தவர் கையில் ஊசி

அடுத்த கட்டம் அமெரிக்காவில், இண்டியானா பல்கலைக்கழகத்தில். ஆண்டு 1959. ஹெரால்ட் நவாட்னி, டேவிட் ஆல்விஸ் என்று ரெண்டு மருத்துவ மாணவர்கள். ஃப்ளூரெசின் என்ற சாயம் 1871-லேயே ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது. நீல வெளிச்சம் பட்டா பச்சையா ஒளிரும். இதைக் கையில இருக்கிற ரத்தக்குழாயில ஏத்தினா, கொஞ்ச நேரத்துல கண்ணுக்கு வந்து சேரும்ல? அப்போ படபடன்னு ஃபோட்டோ எடுத்தா?

யாருக்கு முதலில் சாயம் ஏத்துறதுன்னு நாணயம் சுண்டிப் பார்த்தாங்க. ஆல்விஸ் தோத்தார். அவர் கண்ணோட படம்தான் முதல் படம்.

கட்டுரை 1961-ல் 'சர்குலேஷன்' இதழில் வந்தது. அது கண் மருத்துவ இதழ் இல்லை, இதயத்துக்கும் ரத்த ஓட்டத்துக்குமான இதழ். ஆனா கண் மருத்துவத்தையே அது புரட்டிப் போட்டது. நல்ல ரத்தக்குழாயில சாயம் குழாய்க்குள்ளேயே ஓடும். கெட்டுப்போன குழாயில இருந்து வெளியே கசிந்து, மழைநாள் சுவத்துல ஈரம் பரவுற மாதிரி பரவும். எங்கே ஒழுகுது, எங்கே ரத்தமே போகலை, எங்கே தேவையில்லாத புதுக் குழாய் முளைச்சிருக்குன்னு தனித்தனியா தெரிஞ்சது.

இன்னிக்கும் இந்த டெஸ்ட் இருக்கு. எல்லாருக்கும் எடுக்க மாட்டாங்க. எடுத்தா, அன்னிக்கு சிறுநீர் ஆரஞ்சு மஞ்சளா போகும். பயந்துடாதீங்க, அது சாயம்தான்.

ரெண்டாவது கேள்விக்கும் பதில் வந்தாச்சு: ஒழுகுதா? இன்னும் ஒண்ணு பாக்கி. எவ்வளவு?

வெளிச்சத்தோட எதிரொலி

எனக்கு இந்த முழுக்கதையில ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

வயித்து ஸ்கேன்ல ஒலியை அனுப்பி, எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்த்து ஆழத்தைக் கணக்குப் போடுவாங்க. அதையே வெளிச்சத்தை வெச்சுப் பண்ணலாமே? சிக்கல் வேகத்துல இருக்கு. வெளிச்சம் ஒரு செகண்டுக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். விழித்திரையோட தடிமன் கால் மில்லிமீட்டர் சுமார். அதுக்குள்ள ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவுல இருக்கிற கால வித்தியாசத்தை எந்த எலக்ட்ரானிக் கடிகாரமும் நேரடியா அளக்க முடியாது.

பாஸ்டன் பக்கத்துல எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ என்ற பேராசிரியர். அவரிடம் டேவிட் ஹுவாங் என்ற மாணவர், மருத்துவமும் ஆராய்ச்சியும் சேர்த்துப் படிச்சவர். கூட எரிக் ஸ்வான்சன், எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் சாட்டிலைட்டுகளுக்கு இடையே லேசர் வழியாத் தகவல் அனுப்புற வேலையில இருந்த எஞ்சினியர். இவங்க நேரத்தை அளக்கவே இல்லை, ஒப்பிட்டாங்க. ஒரு கதிரை ரெண்டாப் பிரிச்சு, பாதியைக் கண்ணுக்கும் பாதியைத் தூரம் தெரிஞ்ச ஒரு கண்ணாடிக்கும் அனுப்பினாங்க. திரும்பி வந்த ரெண்டையும் சேர்த்தா, ரெண்டும் வந்த தூரம் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தால்தான் அலைகள் ஒண்ணோட ஒண்ணு வினைபுரியும். கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திட்டே வந்தா, கண்ணுக்குள்ள எந்த ஆழத்துல எந்த அடுக்கு இருக்குன்னு தெரிஞ்சிடும். ரெண்டு ஃபைலை டிஃப் போட்டுப் பார்க்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க.

1991 நவம்பரில் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. பேரு ஆப்டிகல் கோஹெரன்ஸ் டோமோகிராஃபி, சுருக்கமா ஓ.சி.டி. அந்தக் கட்டுரையில இருந்த படங்கள் உடலிலிருந்து எடுத்த கண்ணில் எடுத்தவை. 1993-ல் உயிருள்ள கண்ணில் எடுத்த படங்கள் வெளியாகின. 1996-ல் மெஷின் விற்பனைக்கு வந்தது.

தொடாம, சாயம் ஏத்தாம, சில செகண்டில் விழித்திரையோட குறுக்குவெட்டுத் தோற்றம். மாக்குலா என்கிற நடுப்பகுதி, படிக்கவும் முகம் பார்க்கவும் நமக்கு உதவுற இடம், நல்ல கண்ணுல அங்கே ஒரு சின்னக் குழி தெரியும். நீர் கோத்திருந்தா குழி மேடாகி, உள்ளே கறுப்புக் கறுப்பா குமிழ்கள் தெரியும். கூடவே மைக்ரான் கணக்குல ஒரு நம்பர். நடுவுல சுமார் 250, 270 இருந்தா சாதாரணம். மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும்.

ஊசி வந்த கதை

விழித்திரைக்கு ஆக்சிஜன் பத்தாதபோது அது வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை அதிகமாச் சுரக்கும். புதுக் குழாய் முளைக்கவும், இருக்கிற குழாய் ஒழுகவும் அதுதான் முக்கியக் காரணம். 1989-ல் ஜெனன்டெக் நிறுவனத்தில் நெப்போலியோனே ஃபெராரா குழு அதைப் பிரித்தெடுத்தது. அதைத் தடுக்கும் அவாஸ்டின் என்ற மருந்து 2004-ல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. கண்ணுக்குன்னே செய்த தம்பி மருந்து லூசென்டிஸ் அப்போ இன்னும் சோதனையில இருந்தது.

2005-ல் மயாமியில் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற மருத்துவர், முதுமையால் மாக்குலா பாதிக்கப்பட்ட ஒருவரின் கண்ணுக்குள் அவாஸ்டினைத் துளியளவு செலுத்தினார். ஒரு வாரத்தில் நீர் வடிந்தது. எப்படித் தெரிஞ்சது? ஓ.சி.டி. ஸ்கேன்ல. அவர் வெளியிட்ட அறிக்கையோட தலைப்பிலேயே ஓ.சி.டி. இருக்கு.

2006-ல் லூசென்டிஸ் அனுமதி பெற்றது. அதன் பெரிய சோதனைகளில் மாசம் ஒரு ஊசி, ரெண்டு வருஷம் விடாம. யோசிச்சுப் பாருங்க, 24 தடவை. ரோசன்ஃபெல்ட் குழு 40 பேரை வெச்சு இன்னொண்ணு செஞ்சு பார்த்தது. முதல் மூணு ஊசியை மாசாமாசம் போட்டுட்டு, அப்புறம் பார்வையையும் ஸ்கேனையும் பார்த்து, தேவைப்பட்டா மட்டும் ஊசி. முதல் வருஷத்துல சராசரியா 5.6 ஊசிதான் தேவைப்பட்டது, பார்வையும் நல்லா முன்னேறியது. சின்ன ஆய்வுதான். ஆனா ஸ்கேனைப் பார்த்து ஊசியை முடிவு பண்ற வழக்கம் பரவ அது ஒரு முக்கியக் காரணம்.

அப்பா கேள்விக்கு வருவோம்

அப்பாவோட ஸ்கேன்ல வலது கண் 468 மைக்ரான். இடது கண் 335. ரெண்டுமே அதிகம்தான். அப்போ ரெண்டுக்கும் ஊசி போட வேண்டியதுதானே?

டாக்டர் பக்கத்துல இருந்த இன்னொரு காகிதத்தைக் காட்டினாங்க. அது ஆரம்பத்துல படிக்க வெச்ச எழுத்துப் பலகையோட ரிசல்ட். வலது கண் 6/18. இடது கண் 6/6. இடது கண்ணுல நீர் இருக்கு, ஆனா கடைசி வரி வரைக்கும் அப்பா படிச்சிட்டார். அந்தப் பலகை 1862-ல் நெதர்லாந்துக்காரர் ஸ்னெல்லன் உருவாக்கினது. ஸ்கேன் மெஷின் பக்கத்துல இன்னமும் அதுக்கு வேலை இருக்கு.

இதுக்கு ஆதாரமும் இருக்கு. சர்க்கரை நோயால மாக்குலாவில் நீர் கோத்து, ஆனா பார்வை நல்லா இருக்கிற 702 பேரை வெச்சு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு ஆய்வு நடந்தது, 2019-ல் முடிவு வந்தது. ஒரு பிரிவுக்கு உடனே ஊசி, இன்னொண்ணுக்கு லேசர், மூணாவது பிரிவுக்கு கண்காணிப்பு மட்டும், பார்வை குறைஞ்சா அப்போ ஊசி. ரெண்டு வருஷம் கழிச்சு, பார்வை இழந்தவங்க விகிதத்துல மூணு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கண்காணிப்புல இருந்தவங்கள்ல சுமார் மூணுல ஒருத்தருக்குத்தான் பிறகு ஊசி தேவைப்பட்டது.

ஆனா இதுல ஒரு நிபந்தனை ஒளிஞ்சிருக்கு. அவங்களைத் தவறாம வரவெச்சுப் பார்த்தாங்க. 'ஊசி வேண்டாம்'னா 'வர வேண்டாம்'னு அர்த்தம் இல்லை.

"இதெல்லாம் ஏ.ஐ. பண்ணிடாதா?"ன்னு கேட்பீங்க. 2016-ல் கூகுள் குழு, 1,28,175 விழித்திரைப் படங்களை வெச்சுப் பழக்கின மாடலை வெளியிட்டது. அந்த ஆய்வுக்குப் படங்கள் கொடுத்ததில் நம்ம மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் உண்டு. ஃபோட்டோவைப் பார்த்து, யாரை டாக்டரிடம் அனுப்பணும்னு பிரிக்கிறதுக்கு அது உதவும். ஆனா ஃபோட்டோ தட்டையானது, தடிமனை அளக்காது. ஊசி போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண ஸ்கேனும், எழுத்துப் பலகையும், அதைப் படிக்கிற மனுஷனும் வேணும்.

அப்பாவுக்கு ஊசி போட்டாங்க. மரத்துப்போக சொட்டு மருந்து, கிருமிநாசினி, வெள்ளை விழி வழியா ஒரு நொடி. வெளியே வந்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "ரத்த டெஸ்ட் எடுக்கிற வலி கூட இல்லைடா." மூணு ஊசிக்கு அப்புறம் வலது கண் 310 மைக்ரான், பார்வை 6/9. ரெண்டு மாசம் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருந்தா 6/6 கிடைச்சிருக்குமான்னு டாக்டரிடம் கேட்டேன். "அது சொல்ல முடியாது"ன்னாங்க.

இடது கண்ணுக்கு அப்பாயின்ட்மென்ட் வர்ற மாசம் 9-ஆம் தேதி. என் கேலண்டர்ல ரெண்டு அலாரம் வெச்சிருக்கேன். உங்க வீட்டுல சுகர் இருக்கிறவங்க யாராவது "கண்ணு நல்லாத்தானே தெரியுது"ன்னு சொன்னா, எங்க அப்பாவோட இடது கண்ணைப் பத்திச் சொல்லுங்க. அதுவும் நல்லாத்தான் தெரியுது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.