கடவுச்சொல்லின் பின்னுள்ள பதிவேடு: ஒற்றை நுழைவு முறையும் மீதரவும்

பல்கலைக்கழக ஆசிரியரொருவர் தமது நிறுவனத்தின் கடவுச்சொல்லை ஒருமுறை இட்டு, பிறநாட்டு ஆய்வுச் சேவையொன்றினுள் நுழைய முடிவது இன்று வியப்பளிப்பதில்லை. அவர் யாரென அச்சேவை அறியாது. அவருடைய பல்கலைக்கழகம் கூறுவதை அது நம்புகின்றது. அப்பல்கலைக்கழகத்தை அது எதனாற் கண்டுகொள்கின்றது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா. விடை, மீதரவு எனப்படும் பதிவேட்டில் உளது. ஒவ்வொரு நிறுவனத்தின் அடையாளப் பெயர், இணைப்பு முகவரி, ஒப்பத்தைச் சரிபார்க்கும் சான்றிதழ் ஆகியன அதில் இடம்பெறும்.

2000ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் 'இன்ரர்நெற்2' அமைப்பு தொடங்கிய திட்டத்துக்கு 'ஷிபொலெத்' எனப் பெயரிடப்பட்டது. யோர்தான் ஆற்றுத்துறையில், ஒரு சொல்லை உச்சரித்த முறைகொண்டு எதிரியை இனங்கண்டு கொன்ற விவிலியக் கதையிலிருந்து வந்த பெயர் அது. உச்சரிப்பே உயிருக்கு உலையான 1983ஐ அறிந்த நமக்கு அப்பெயர் இனிதாக ஒலிப்பதில்லை.

2002இல் 'சாம்ல்' நியமத்தின் முதற் பதிப்பு வெளிவந்தது. 2005இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பே மீதரவுக்கெனத் தனி வடிவத்தை வகுத்தது. அவ்வடிவத்தின் தேவை வெளிப்படையானது. நூறு பல்கலைக்கழகங்களும் ஐம்பது சேவைகளும் தனித்தனியே உடன்பாடு கொள்வதாயின் ஐயாயிரம் உடன்பாடுகள் வேண்டும். 2004இல் உருவான 'இன்கொமன்' போன்ற கூட்டமைப்புகள் இச்சுமையைத் தாமேற்றன. உறுப்பினரைச் சோதித்து, பதிவுகளைத் தொகுத்து, தொகுப்பில் இலக்கமுறை ஒப்பமிட்டு வெளியிட்டன. தொகுப்புக்குக் காலவரையறையும் உண்டு. கடந்தால் அது செல்லாது. இதனால் நம்பிக்கை மட்டுமன்றி அதிகாரமும் ஓரிடத்திற் குவிந்தது என்பது நோக்கற்பாலது. ஒரு பதிவு நீக்கப்பட்டால், புதிய தொகுப்பு பரவியதும் ஒரு பல்கலைக்கழகம் முழுவதுக்கும் கதவு அடைபடும்.

2011இல் சேவைக்கு வந்த 'எடுகெய்ன்' தேசியக் கூட்டமைப்புகளைத் தம்முள் இணைத்தது. இலங்கையின் 'லேர்ன்' வலையமைப்பு நடத்தும் கூட்டமைப்பும் அதில் இணைந்துளது. தொகுப்பு பெருத்தது, சில பதிவுகளே தேவைப்படும் சிறு கணினியும் முழுத் தொகுப்பையும் ஏற்றிச் சரிபார்க்க நேர்ந்தது. இயன் யங் வகுத்த வினவல் நெறிமுறை இதனை மாற்றி, தேவையான பதிவை மட்டும் கேட்டுப்பெற வழிசெய்தது.

எனினும் பதிவேட்டில் இடம்பெறுதல் நுழைவுக்குப் போதுமானதன்று. பயனரின் பெயரையும் மின்னஞ்சலையும் வெளியிடலாமா என்பதைப் பல்கலைக்கழகமே தீர்மானிக்கின்றது. ஆய்வுச் சேவை இதுவெனக் குறிக்கும் வகைப்பாடு மீதரவிற் சேர்க்கப்பட்ட பின்னரும், தனியுரிமையைக் காட்டி அவற்றைத் தரமறுக்கும் நிறுவனங்கள் உள. அங்கு பயிலும் மாணவர், கடவுச்சொல் சரியாயிருந்தும், வாயிலிலேயே நிற்கின்றார்.