காளிகாட், பட்டலா கணிகையர் படங்கள்

19ஆம் நூற்றாண்டுக் கொல்கத்தாவில் கணிகையரைச் சித்திரித்து மலிவாக விற்கப்பட்ட தனித்தாள் படங்கள். காளிகாட்டில் தூரிகையால் தீட்டியவை, வடகொல்கத்தாவின் பட்டலாவில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை என இருவகைப்படும். ஜப்பானின் உக்கியோ-எ மர அச்சுப் படங்களோடு ஒப்பிடத்தக்கவை.

தோற்றம்

இன்றைய காளிகாட் காளி கோயில் 1809இல் கட்டி முடிந்தது. கிராமங்களில் சுருள்படம் விரித்துக் கதை பாடிவந்த பட்டுவா ஓவியர்கள், யாத்திரிகர் கூட்டத்தை நம்பிக் கோயிலருகே கடை விரித்தனர். ஆலைத்தாளில் நீர்வண்ணம் கொண்டு, சில வளைகோடுகளிலேயே உருவத்தை முடித்தனர். குடும்பமே வேலையைப் பகிர்ந்துகொண்டது. பட்டலாவில் அச்சுக்கூடங்கள் பெருகின. முதல் படவிளக்க வங்க நூலான 'அன்னதாமங்கல்' 1816இல் கொல்கத்தாவில் வெளிவந்தது. பின்னர் நிருத்யலால் தத்தர் போன்ற செதுக்குநர்கள் பெரிய தனிப்படங்களையும் அச்சிட்டனர். வண்ணம் கையால் தீட்டப்பட்டது.

பொருளும் பார்வையும்

தெய்வப் படங்களோடு நகர வாழ்வும் விற்பனைக்கு வந்தது. கணிகை ரோஜாப்பூ ஏந்துவாள், ஹூக்கா புகைப்பாள், தபலா வாசிப்பாள். புதுப்பணக்கார 'பாபு'வைக் காலால் மிதிப்பாள். ஆட்டுக்கடாவாக்கிக் கயிற்றில் இழுத்தும் செல்வாள்.

ஜப்பானில் 1765 அளவில் ஓவியர் ஹருநோபு பலவண்ண அச்சை வளர்த்தார். பின்வந்த உத்தாமரோ, யொஷிவாரா என்னும் கணிகையர் பகுதிப் பெண்களின் முகங்களைப் பெரிதாக வரைந்தார். அப்படங்கள் பலவற்றில் பெண்ணின் பெயரும் அவள் சார்ந்த இல்லத்தின் பெயரும் இருக்கும். அவை விளம்பரமாகவும் பயன்பட்டன. கொல்கத்தாப் படத்துப் பெண்ணுக்கோ பெரும்பாலும் பெயர் கிடையாது. அப்படங்களை வாங்கியவர்களில் கோயிலுக்கு வந்தவர்களே மிகுதி. அவர்களுக்கு அவள் கண்ணுக்கு விருந்து. குடிகெடுக்கும் மோகத்துக்கு எச்சரிக்கையும்கூட.

மறைவு

1878இல் தொடங்கிய கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவின் கல்லச்சுப் படங்களும், ஜெர்மனியிலிருந்து வந்த மலிவான வண்ண அச்சுகளும் இத்தொழிலை நசுக்கின. 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் இது ஓய்ந்தது. அதற்குள் புகைப்படமும் கிராமபோனும் கணிகையர் மரபுப் பாடகியரைப் பெயரோடு அறிமுகப்படுத்தின. 1902இல் கொல்கத்தாவில் பாட்டுப் பதிவுசெய்த கௌஹர் ஜான், இசைத்தட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே சொன்னார்; அவர் உருவம் தீப்பெட்டிகளிலும் இடம்பெற்றது.

லாக்வுட் கிப்ளிங் திரட்டிய காளிகாட் படங்களை அவர் மகனான எழுத்தாளர் ருட்யார்ட் 1917இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். காளிகாட் படங்களின் மிகப்பெரிய தொகுப்புகளுள் ஒன்று இன்றும் அங்கேயே உள்ளது.